பத்தாவது கழுகு

பேசாதீர்கள் என்று கஸ்தூரி உதட்டில் விரலை வைத்துக் கணவனுக்குச் சைகை காட்டினாள்.

பனையிலிருந்து எட்டாவது கழுகு இறங்கியது. கீழே செத்த மாட்டின் மேல் ஏற்கெனவே ஏழு.

ஞாயிறுதோறும் ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து மொபெட்டில் பாரிவாக்கம் ஏரிக்கரைக்கு வந்து, இருவரும் பிணந்தின்னிக் கழுகுகளை எண்ணுவது இது இரண்டாவது வருடம். போன தை மாதம் பதினாறு. ஆடியில் நான்கு. அதன் பிறகு அவள் நோட்டில் ஐந்து வாரமாக வெறும் சுழியம்.

பத்து இருந்தால்கூடப் போதும், இந்தப் பனங்காட்டை மனை போடாமல் தடுக்க மனுக் கொடுத்துவிடலாம் என்று பறவைச் சங்கத்தில் சொல்லியிருந்தார்கள்.

கல்யாண நாளுக்கு மற்றவர்கள் மனைவிக்குப் பட்டுப்புடவை எடுப்பார்கள். உலகநாதன் செத்த மாடு ஏற்பாடு செய்தான்.

ஊரில் செத்த மாடுகளை இழுத்துப் போடும் முனியனிடம் அவன் கேட்டது இரண்டுதான். சனிக்கிழமை பொழுது சாய்வதற்குள் மாடு இங்கே கிடக்க வேண்டும். கழுகுகளைத் துரத்தும் நாய்கள் கிட்டே வரக்கூடாது.

"ஏங்க, இன்னைக்கு ஒரு நாயைக்கூடக் காணோம் பாருங்க!" என்று கிசுகிசுத்தாள் கஸ்தூரி.

உலகநாதனுக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒன்பது.

பத்தாவது இறங்கியபோது அவள் அவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். கண்கள் நிறைந்திருந்தன.

கரைமேல் முனியன் பீடியோடு வந்துகொண்டிருந்தான். உலகநாதன் ஓசைப்படாமல் அவனிடம் போய், நாய்களை எப்படி விரட்டினான் என்று கேட்டான்.

"வெரட்னா போவுமா சார்? அந்த மாட்லயே நாயக் கொல்ற மருந்து வெச்சிட்டேன். அல்லாம் புதராண்ட படுத்துகினு கீது."

உலகநாதனின் முகத்தைப் பார்த்து முனியன் சிரித்தான்.

"அட, பொணந்தின்னிக்கு இன்னா ஆவப்போது? அது கல்லத் துன்னாலும் செரிச்சிடும் சார்!"

உலகநாதன் திரும்பிப் பார்த்தான்.

பனையடியில் ஒரு கழுகு கழுத்தைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று.

"வயிறு நெறஞ்சு தூங்குதுங்க" என்றாள் கஸ்தூரி, அவனைப் பார்த்துச் சிரித்தபடி.

நோட்டில் பத்து என்று எழுதினாள். அதற்குக் கீழே, அடுத்த ஞாயிற்றுக்கிழமையின் தேதியையும் இப்போதே எழுதி வைத்தாள்.