வெளியே போன இயக்குநர்

புணேயில் அந்தக் கொள்கை ஆய்வு நிறுவனத்தின் நிர்வாகக் குழு முன்னால் அத்வைத் வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தான். இவர்கள் சரியென்றால்தான் அவன் நினைத்தது நடக்கும்.

"உங்க மேல வழக்கு ஏதாவது?" என்றார் முன்னாள் நீதிபதி கேள்கர்.

"இல்ல, சாஹேப்."

"கடன்?" என்றார் வங்கித் தலைவராக இருந்த சுலபாதாயி.

"ஸ்கூட்டருக்கு மட்டும், தாயி."

"ஜாமீன் யாரு?"

"எங்கம்மா."

இருவரும் சிரித்தார்கள். நிதிச் செயலாளராக ஓய்வு பெற்ற குழுத் தலைவர் பாபட் சிரிக்கவில்லை.

"ஒரு துணைக்குழு போட்டு ஆறு மாசம் ஆராயலாமே?"

"ரிட்டயராகியும் உங்க ஃபைல் நகர மாட்டேங்குதே, பாபட். கையைத் தூக்குங்க," என்றார் சுலபாதாயி.

மூன்று கைகள் உயர்ந்தன. பாபட்டின் கைதான் கடைசி.

அத்வைத் தயங்கினான். "நான் வந்ததும் இயக்குநர் எழுந்து வெளியே போயிட்டாங்களே. பிடிக்கலையோ?"

"சொந்த நலன் உள்ளவங்க முடிவெடுக்கிறப்ப உட்காரக் கூடாது. இங்க அதுதான் விதி," என்றார் கேள்கர்.

பாபட் கதவைத் திறந்தார். "உள்ள வா, கேதகி. இவரை நம்ம வீட்டு மாப்பிள்ளையா ஏத்துக்கலாம்னு குழு ஏகமனதா முடிவு பண்ணிருச்சு."

இயக்குநர் கேதகி உள்ளே வந்து பாபட்டைப் பார்த்தாள்.

"அப்பா, அந்த விதிப்படி நீங்களும் என்கூட வெளியிலதானே நின்னிருக்கணும்?"

"பரவாயில்ல, அவர் ஓட்டைக் கழிச்சிடலாம்," என்றபடி சுலபாதாயி பையிலிருந்து பேடா டப்பாவை எடுத்தார்.