ஆயிரத்துக்கு எத்தனை?

“சனிக்கிழமை மூணு மணிக்குத் திரை விலக்குறாங்க. என் கோட்டை இஸ்திரி போட்டு வை, ஸ்டெல்லா!”

கடிதத்தை மேசையில் அறைந்தார் ஸ்டான். ஊர் பேஸ்பால் மைதானத்தின் புகழ்ச்சுவரில் தன் பெயர் ஏறும் என்று பதினோரு வருடமாகக் காத்திருந்தவர். ‘எஸ். மஜெவ்ஸ்கி தேர்வாகியிருக்கிறார்’ என்றது கடிதம். ஸ்கோர் எழுதுகிறவர்களின் பழக்கம், பெயருக்கு முதலெழுத்து மட்டும்தான் போடுவார்கள்.

“எனக்கும் எஸ்தான்பா,” என்றான் மகன் ஸ்டீவ். “தொண்ணூத்தி நாலுல நான் ஆயிரத்துக்கு முன்னூத்தி நாப்பத்தொண்ணு அடிச்சேன். நீங்க வெறும் முன்னூத்திப் பன்னெண்டு.” மட்டை பிடித்த ஆயிரம் முறைக்கு எத்தனை நல்ல அடி என்பதுதான் அவர்கள் கணக்கு.

“வெறுமா? அறுபத்தஞ்சுல பந்து போட்டவனுங்க எல்லாம் ராட்சசனுங்கடா! லீக் முழுக்கவே சராசரி ஆயிரத்துக்கு இருநூத்தி நாப்பதுதான் தேறுச்சு. உங்க காலத்துல மட்டையை நீட்டினாலே அடி!”

“பெரிய நம்பர் பெரிய நம்பர்தான்பா. சும்மா சாக்கு சொல்லாதீங்க.”

ஸ்டானுக்கு மூக்கு நுனி சிவந்தது. இதைச் சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றியதுதான் மிச்சம். ஒவ்வொருத்தனையும் அவனவன் காலத்து ஆட்டக்காரர்களோடுதான் ஒப்பிட வேண்டும் என்பது எவன் மண்டையிலும் ஏறவில்லை. சொந்த மகன் மண்டையிலேயே ஏறவில்லை, அதுதான் எரிச்சல்.

அடுப்பில் வெங்காயத்தோடு பியரோகிக் கொழுக்கட்டை வறுத்துக்கொண்டிருந்த மனைவி ஸ்டெல்லா திரும்பினாள். “ஏங்க, ஒரு காலத்துல பந்தே வருஷத்துக்கு வருஷம் சின்னதாகிட்டு வந்துச்சே. அதையெல்லாம் எப்படி ஒப்பிடுவாங்க?”

“பந்து எங்கடி சின்னதாச்சு? எந்த லீக்ல? நீ வெங்காயத்தைப் பாரு, கருகுது!”

அவள் வெங்காயத்தைப் பார்த்தாள்.

“சும்மா கத்தாதீங்கப்பா, அத்தாட்சி இருக்கும்,” என்று ஸ்டீவ் உறையை உதறினான். உள்ளே ஒட்டிக்கொண்டிருந்த இன்னொரு தாள் விழுந்தது. எடுத்துப் படித்தவன் முகம் சுண்டிப்போயிற்று.

“என்னடா?”

“‘ஆயிரத்துக்கு இருநூற்று எண்பத்து நான்கு. அந்த ஆண்டு லீக் சராசரியோ இருநூறுதான். அவரவர் காலத்தோடு ஒப்பிட்டால் இவரை மிஞ்ச ஆளில்லை.’ வருஷம் ஐம்பத்து மூணுன்னு போட்டிருக்குப்பா.”

“ஐம்பத்து மூணா? நான் அப்போ பள்ளிக்கூடம்டா!” ஸ்டான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். “என் கணக்கையே எடுத்து என் தலையிலயே அடிக்கிறானுங்களா? எவன்டா அந்த இருநூத்தி எண்பத்தி நாலு அடிச்சவன்?”

ஸ்டெல்லா அடுப்பை அணைத்தாள்.

“பொம்பளைங்க லீக்ல அடிச்சவன் ஏதுங்க, அடிச்சவதான். என் கோட்டை இஸ்திரி போட்டு வைங்க.”