ஒரு ராணி, இரண்டு கிரீடம்

"சங்கிலியை அவிழ்த்து விடுங்க. குடாவுல எங்க படகுங்க நிக்கணும்."

எர்மினா ட்ரெஞ்ச் துரையிடம் இதைச் சொன்னதும் காவலாளி கஸ்பார் தலைத் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். ஊரில் யாரும் கேட்கக் கூடாத விஷயம் அது. ஒரு தடவை கேட்டதற்கே, அவள் அப்பாவுக்கு வாழைத் தோட்டத்து வேலை மறுநாள் போனது. இன்று காலைகூட அம்மா மீன் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டே, "அந்த வெள்ளைக்காரர்கிட்ட எதை வேணா பேசு. சங்கிலிப் பேச்சு மட்டும் வேணாம்" என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தாள்.

கிளப் வராந்தாவில் துரை தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். எதிரே ஒரு பிரம்பு நாற்காலி. அவர் உட்காரச் சொல்லவில்லை. அவளாகவே உட்கார்ந்தாள்.

"நீ மீன்காரி ஓடெட் மகதானே? பார்படோஸ் போய்ப் படிச்சவ?"

"ஆமா."

"வேலை கேட்டு வந்திருக்கேன்னு நெனச்சேன். டைப் அடிக்கத் தெரிஞ்சா திங்கக்கிழமை வா. பின்வாசல் வழியா."

"எனக்கு வேலை இருக்கு, மிஸ்டர் ட்ரெஞ்ச்."

அவள் 'துரை' என்று சொல்லாததில் கஸ்பாருக்கு வியர்த்தது. "புள்ள, பார்த்துப் பேசு" என்று முணுமுணுத்தார்.

"பார்த்துப் பேசிப் பேசித்தான் இப்படி இருக்கோம், மாமா." எர்மினா ட்ரெஞ்ச் பக்கம் திரும்பினாள். "போன வருஷப் புயல்ல எங்க அண்ணன் இந்தக் குடாவுக்குள்ள ஒதுங்கப் பார்த்தான். உங்க உல்லாசப் படகுக்காகக் குடா வாயில சங்கிலி கட்டி வச்சிருக்கீங்க. திரும்பி முனைப் பாறையைச் சுத்திப் போனான். படகு உடைஞ்சு பலகைதான் கரைக்கு வந்துச்சு. அடுத்த மாசம் மறுபடி புயல் காலம். இன்னொரு வீட்டுல அழுகைச் சத்தம் கேட்கக் கூடாது."

"பாவம்தான். ஆனா இது உங்க ஊர்ச் சொத்து இல்லையே. ராணியோட நிலம். எங்க அப்பா காலத்துலேருந்து குத்தகை. ராணி போன்னு சொன்னா மூட்டையைக் கட்டணும். சொல்ற வரைக்கும் எவனும் அசைக்க முடியாது."

"பிப்ரவரியில சுதந்திரம் வந்துச்சே, தெரியாதா?"

"விழாவுக்கு நானும் வந்தேனே. கைகூடத் தட்டினேன். கொடி மாறுச்சு, பாட்டு மாறுச்சு. ராணி மாறல." சுவரில் மாட்டியிருந்த படத்தைக் காட்டினார். "அதே அம்மா. உங்க பிரதமரே அவங்க பேரைச் சொல்லித்தானே சத்தியம் பண்ணினார்?"

"ஆள் அதே ஆள்தான். கிரீடம்தான் இப்ப தனித்தனி. உங்க நாட்டு விஷயத்துல உங்க மந்திரிங்க சொல்றதைக் கேட்பாங்க. இந்தத் தீவு விஷயத்துல எங்க மந்திரிங்க சொல்றதைத்தான் கேட்கணும். இந்த நிலம் எங்க ராணியோடது. உங்க ராணிக்கு இங்க ஒரு பிடி மண்ணுகூடக் கிடையாது."

ட்ரெஞ்ச் சிரித்ததில் தேநீர் சட்டையில் சிந்தியது. "கேட்டியா கஸ்பார்? ஒரு பொம்பளையை ரெண்டா வெட்டிப் பங்கு போட்டுட்டாங்க. உனக்கு எந்தப் பாதி வேணும்?"

"எனக்குச் சம்பளம் குடுக்குற பாதி போதும், துரை."

எர்மினா சிரிக்கவில்லை. "கிளப்பை நீங்களே வச்சுக்கங்க. பங்களாவும் உங்களுக்கே. சங்கிலி மட்டும் போகட்டும். உங்க படகு ஒரு ஓரம், எங்க படகு ஒரு ஓரம். இதுக்கு மேல இறங்கி வர என்னால முடியாது."

"நீ இறங்கி வர்றியா? எனக்காகவா?" துரைக்கு மறுபடி சிரிப்பு வந்தது. "என் விருந்தாளிங்க மீன் நாத்தத்துலயா குளிப்பாங்க? சங்கிலி அங்கேயேதான் இருக்கும்."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்க என்ன இருக்கு? முடியாது."

"சரி." எர்மினா எழுந்தாள். முகத்தில் கோபம்கூட இல்லை. அதுதான் ட்ரெஞ்சுக்குப் பொறுக்கவில்லை.

"நில்லு. படிச்ச திமிரு இப்படி விட்டா அடங்காது. அத்துமீறி நுழைஞ்சேன்னு உன்னைக் கோர்ட்டுல நிறுத்துறேன். ராணி நிலத்துக்காக வழக்காடத் தலைநகர் காஸ்ட்ரீஸ்ல ராணியோட வக்கீலே இருக்கார். யாரு தெரியுமா? என்கூடச் சீட்டாடுற ஆளு."

"கூப்பிடுங்க."

"புள்ள, வந்துடு, போயிடலாம்" என்றார் கஸ்பார். அவள் அசையவில்லை.

ட்ரெஞ்ச் தொலைபேசியைச் சுழற்றினார். "ட்ரெஞ்ச் பேசுறேன். ராணியோட வக்கீல் வேணும். அவசரம். ராணி நிலத்துல ஒருத்தி நுழைஞ்சு கலாட்டா பண்றா."

மறுமுனையில் இருந்த குமாஸ்தாவுக்கு வெண்கலக் குரல். வராந்தா முழுக்கக் கேட்டது.

"பழைய துரை போன வாரமே ஊரைப் பார்க்கப் போயிட்டாரு, சார். இப்ப அந்த நாற்காலியில நம்ம ஊர்ப் பொண்ணுதான். மிஸ் எர்மினா தெஸீர். உங்க குத்தகையை வச்சுக்கிறதா, ரத்து பண்றதான்னு முடிவெடுக்குற பொறுப்பை மந்திரி அவங்ககிட்டதான் குடுத்திருக்கார். காலையிலேயே உங்க கிளப்புக்குக் கிளம்பினாங்களே, இன்னும் வந்து சேரலியா?"

"வந்துட்டுப் போயிட்டாங்கன்னு சொல்லுங்க, மிஸ்டர் ட்ரெஞ்ச்" என்றாள் எர்மினா, படியிறங்கிக்கொண்டே. "ராணி உங்களைப் போகச் சொல்லிட்டாங்கன்னும் சொல்லுங்க."