முதற்பரிசு வாங்கிய ஆந்தை

எல்லோரும் ஆந்தையின் முகத்தைப் படம் எடுத்துக்கொண்டிருக்க, இரவிச்சந்திரன் மட்டும் புல்லில் முழங்காலிட்டு அதன் கால்களைக் குறிவைத்து எடுத்துக்கொண்டிருந்தார்.

"முகத்தை எடுங்கோவன். காலில என்ன கிடக்குது?" என்றார் மனைவி கௌரி.

"வார் கிடக்குது. தோல் வார். அதுதான் எனக்கு வேணும்."

மொன்றியலுக்கு வெளியே ஒரு பண்ணையில் ஞாயிறுதோறும் நடக்கும் வேட்டைப் பறவைக் காட்சி அது. வல்லூறும் பருந்தும் பறந்து காட்டி முடிந்த பிறகு, பறவை பழக்குகிற பெண் ஒரு பனி ஆந்தையைக் கையுறையில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தாள். அது பறக்கவில்லை. இடது கண் பாதி மூடியபடி சும்மா கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அந்தப் பாதிக் கண்ணை இரவிச்சந்திரன் எங்கே கண்டாலும் அடையாளம் சொல்வார். பரிசளிப்பு நாளிலிருந்து அது அவரை நிம்மதியாகத் தூங்க விடவில்லை.

தமிழர் புகைப்படக் கழகத்தின் போட்டியில் காட்டுயிர்ப் பிரிவு என்றால் முதற்பரிசு அவருக்குத்தான் என்பது எழுதாத சட்டம். இந்த முறை அவர் கொடுத்ததும் ஒரு பனி ஆந்தைதான். இறக்கை விரித்து, நகம் நீட்டி, கமராவை நோக்கி நேரே பாய்ந்து வரும் ஆந்தை. இரண்டு கையாலும் தூக்க வேண்டிய லென்ஸால் எடுத்த படம்.

பரிசு தனுஷாவுக்குப் போய்விட்டது. கழகத்தில் நேற்று வந்து சேர்ந்த பெட்டை, கைப்பைக்குள் அடங்குகிற கமரா. பனிக்குள் இருக்கும் ஆந்தையின் முகம், அதுவும் கண்ணடிப்பதுபோல. நடுவர்கள் உருகிப் போனார்கள். கோயில் மண்டபத்தில் அவளுடைய படத்தைப் பெரிதாக மாட்டி, இவருடையதைக் கதவோரம் தொங்கவிட்டார்கள்.

சபையில் "கெட்டிக்காரி" என்று கைதட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து சோறு வேண்டாம் என்றார்.

பிறகுதான் மூளை வேலை செய்தது. அந்தச் சின்னக் கமராவோடு அவ்வளவு கிட்டப் போக எந்தக் காட்டுப் பறவை விடும்? காட்சியில் கட்டி வைத்த பறவையை, வார் தெரியாமல் எடுத்திருக்கிறாள். வளர்ப்புப் பறவையைக் காட்டுப் பறவை என்று கொடுத்தால் கழகத்தில் பரிசைப் பறித்து, ஆளையும் விலக்கிவிடுவார்கள்.

"கிட்டப் போனால் பறந்திருக்கோணுமே," என்று காரில் வரும்போதும் அவர் அதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

"ஏன், உங்கட ஆந்தை உங்களைக் கண்டு பயந்ததோ? உங்கட முகத்துக்கு நேரயெல்லோ பறந்து வருது," என்றார் கௌரி.

"என்ர கதை வேற. அது அனுபவம்."

இப்போது வார் படத்தில் தெளிவாக விழுந்துவிட்டது. முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தவர், முன்னால் தனுஷாவே நிற்பதைக் கண்டார். அவள் கையில் பறவைகளுக்கான இறைச்சிப் பெட்டி இருந்தது.

"அண்ணை, அக்காவும் வந்திருக்கிறா. நீங்கள் இஞ்ச வருவியள் எண்டு நான் நினைக்கேல்லை."

"நினைச்சிருக்க மாட்டீர்தான்." கமராத் திரையை அவளிடம் நீட்டினார். "இந்த ஆந்தையைத் தெரியுதோ?"

"ஓம். என்ர படத்தில இருக்கிறது."

மறுப்பாள், தடுமாறுவாள், அழுவாள் என்றெல்லாம் ஒத்திகை பார்த்து வந்தவருக்கு இது பெரிய ஏமாற்றம். "அப்ப ஒத்துக்கொள்ளுறீர். கட்டி வச்ச பறவையை எடுத்துப்போட்டு எங்களை ஏமாத்தியிருக்கிறீர். இரவைக்கே தலைவர் தியாகலிங்கத்துக்கு இதை அனுப்பப் போறன்."

"நான் எடுக்கேக்க அது காட்டுப் பறவைதான் அண்ணை. மாசி மாசம், மிராபெல் பக்கத்து வயல் றோட்டில. செட்டை முறிஞ்சு பனிக்குள்ள கிடந்தது, கண்ணிலயும் அடி. அதுதான் கிட்டப் போக விட்டது. ஒரு படம் எடுத்தனான். அதையும் எடுத்திருக்கக் கூடாது எண்டு பேந்து நினைச்சனான். என்ர ஜக்கெற்றால சுத்தி இஞ்ச கொண்டு வந்து குடுத்தனான். இப்ப ஞாயிறில வந்து இதுகளுக்குத் தீன் குடுக்கிறன்."

"பாவம்," என்றார் கௌரி.

கட்டிய மனைவியும் அவள் பக்கம் சாய்ந்தது இரவிச்சந்திரனுக்குப் பொறுக்கவில்லை. "நல்லாக் கதை விடுறீர். வயலுக்க திரியிற ஆந்தைக்கு எப்பிடி அடிபடும்? காரைக் கண்டால் அது அந்தப் பக்கமே வராது."

"இது வரும். ஆரோ படம் எடுக்கிறதுக்காகக் காரில இருந்து எலி எறிஞ்சு எறிஞ்சு பழக்கிப்போட்டினம். கார் எண்டால் அதுக்குச் சாப்பாடு."

இரவிச்சந்திரன் லென்ஸை மூடினார். கௌரி மெல்லத் திரும்பிக் கணவரைப் பார்த்தார்.

"ஆர் எண்டு... பார்த்தனீரோ?" அவர் குரல் இறங்கியிருந்தது.

தனுஷா இறைச்சிப் பெட்டியைக் கீழே வைத்தாள். கௌரிக்கு முன்னால் சொல்வதா விடுவதா என்று அவள் யோசிப்பது தெரிந்தது.

"நானும் அண்டைக்கு அந்த றோட்டிலதான் நிண்டனான். இண்டை வரைக்கும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை," என்றாள். "அது உங்கட காருக்குப் பின்னால பறந்து வரேக்கதான் வேற காரில அடிபட்டது, அண்ணை."