நிறுத்திய மாத்திரை

ஈப்போ டாக்டர் கொடுத்த ஹார்மோன் மாத்திரையால் நவமணிக்கு உடம்புச் சூடு தணிந்தது, தூக்கமும் வந்தது. ஆனால் ஐம்பத்திரண்டு வயதில், நின்றுபோயிருந்த மாதவிலக்கு திரும்பிவிட்டது.

சுங்கை சிப்புட் கோயிலில் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளையின் அம்மா கோமளமோ ஆசாரக்காரி. "கோயில் காரியம், சுத்தபத்தமா இருக்கணும்" என்று வரும்போதெல்லாம் சொல்லிவிட்டுப் போவாள். பயந்துபோன நவமணி, யாரிடமும் கேட்காமல் ஐந்து நாள் முன்னதாகவே மாத்திரையை நிறுத்தினாள்.

முகூர்த்தத்துக்கு அரை மணி நேரம் இருக்கும்போது உதிரம் தொடங்கிவிட்டது.

கோயிலுக்குப் பின்னால் இருந்த குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். ஒரே மகள். அவளைத் தாரை வார்த்துக் கொடுக்கக்கூட வழியில்லாமல் போயிற்றே!

யாரோ கதவைத் தட்டினார்கள்.

"சம்பந்தியம்மா, ஐயர் கூப்பிடுறாரு லா. உள்ள என்ன பண்றீங்க?" கோமளத்தின் குரல்.

இனி மறைக்க முடியாது. நவமணி கதவைத் திறந்து, தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான் வர முடியாது. தூரமாயிட்டேன். என் அக்காவை நிக்கச் சொல்லுங்க. மாத்திரையக்கூட நிறுத்திப் பார்த்தேன், அப்படியும் வந்திருச்சு."

"ஹார்மோன் மாத்திரையா? ஐயோ, அத நிறுத்தினாதான் உடனே வரும் லா!"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கோமளம் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். அவள் கண்களும் கலங்கியிருந்தன.

"நானும் பயந்துதான் நிறுத்தினேன். நேத்துலேருந்து இருக்கு. காலையிலேருந்து தாலித் தட்டை நான்தான் தூக்கிக்கிட்டு நிக்கிறேன். முகத்தைத் துடைங்க, போலாம்."