நெற்றி சுருங்கும் படம்

பார்ப்பவர் நெற்றி சுருங்கினால், சலிப்பு என்று நினைத்து வீட்டுத் திரை அந்தக் காட்சியை வெட்டிவிடும். யோசிக்கும்போதும் நெற்றி சுருங்குமே! அதனால், யோசிக்க வைக்கும் ஒரு பழைய படம் எல்லார் வீட்டிலும் பத்தே நிமிடத்தில் முடிந்தது.

மகளின் நிச்சயதார்த்தத்துக்கு முந்தைய மாலை, மங்கையர்க்கரசியும் கணவர் தணிகாசலமும் முகம் நிறையப் பயத்தமாவு பூசிக்கொண்டு அதைப் பார்த்தார்கள். திரைக்கு நெற்றி தெரியவில்லை. படம் முழுதாக ஓடியது.

"அந்த ஹீரோ சொந்தத் தம்பியைப் போலீஸ்ல காட்டிக் குடுத்தது தப்புங்க," என்றாள் அவள்.

"வேற என்னதான் செய்வான்?" என்றார் தணிகாசலம்.

வாக்குவாதம் தீராமல் சம்பந்தியைப் போனில் அழைத்துக் கதையைச் சொன்னார்கள்.

"நானா இருந்தா காட்டிக் குடுத்திருக்க மாட்டேன்!" என்று கத்தினார் அவர்.

"அப்படிச் சொல்லுங்கண்ணா!" என்றாள் மங்கையர்க்கரசி. அதுவரை அவரை "சார்" என்றுதான் அழைத்துவந்தாள்.