வாடகைக்கு யார் வரி?

“மஞ்ச நோட்டீஸ் குடுத்தவனுக்கு ஏதுடி வருமான வரி?” என்று சிரித்தார் என் கணவர் நாச்சியப்பன்.

திவாலாவதற்கு மூன்று வருடம் முன்பே காரைக்குடிப் பெரிய வீட்டை என் பெயருக்கு எழுதிவைத்துவிட்ட கெட்டிக்காரர். இப்போது சினிமாப் படப்பிடிப்புகளால் அதில் நல்ல வாடகை.

“திவால் பழைய கடனுக்குத்தான். பொண்டாட்டிக்குச் சும்மா எழுதிக் குடுத்த வீட்டு வாடகை, புருஷன் வருமானத்துலதான் சேருமாம். நான் போற வரிக்கணக்கு மாலை வகுப்புல சொன்னாக. நான் சரியாப் புரிஞ்சுக்கிட்டேனான்னு ரெண்டு தடவை கேட்டேன்.”

அவர் முகம் வெளுத்தது. “எனக்கு வருமானம்னு தெரிஞ்சா கடன்காரனுக கோர்ட்டுக்கு வந்துருவானுகளே! வழியே இல்லையா?”

“நான் உங்க பொண்டாட்டியா இல்லாட்டி, வாடகையும் வரியும் எனக்குத்தானாம்.”

“அப்ப விவாகரத்து வாங்கிருவோம்! கோர்ட்டுல பிரிஞ்சா என்ன தேனு, கோயில்ல நாம ஒரே புள்ளிதானே?”

எங்கள் ஊர்க் கோயில் வரிக்கணக்கில் கணவன் மனைவியைச் சேர்த்து ஒரே புள்ளியாக, ஒரு குடும்பமாகத்தான் எழுதுவார்கள். நான் தலையாட்டினேன்.

தீர்ப்பு வந்த அன்று அல்வாப் பொட்டலத்துடன் வந்து பெரிய வீட்டுக் கதவைத் தட்டினார். “தேனு, தப்பிச்சோம்!”

திறந்தவர் என்னைப் பெற்ற அப்பச்சி. கடையை விற்று மாப்பிள்ளைக்குக் கடன் கொடுத்து, பதிலுக்கு மஞ்சள் நோட்டீஸ் வாங்கி, ஒற்றை அறைக்குக் குடிபோனவர்.

“யாரைத் தேடி வந்தீக?” என்று மரியாதையாகக் கேட்டார்.